சிவப்புப் புருஷனும் மஞ்சள் பெண்சாதியும்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குக் கொண்டுபோகிற சாமான் துண்டும், ஊருக்கு இரண்டொரு கடிதமுந்தான். ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நடுவிலே வேறொன்று வந்து விழும், முதலாவது மறந்துபோகும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். நான் அறை பார்க்கிற நூதனசாலையில், அதுதான் மியூசியத்தில், புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அங்கே இருந்து கேட்டார்கள். இங்கிலீசில் எழுத எனக்கு ஏலாது என்றேன். அந்த நாலு பேரும் தமிழ்ப் பிள்ளைகள்தானே, தமிழிலேயே எழுதுங்கள் என்றார்கள். தப்ப வழியில்லாமல் போய்விட்டது.

ரேடியோவில் எப்படிக் கதைப்பது, எந்தக் கதவை எப்போது பூட்டுவது, மணி அடித்தால் ஆட்களை எந்தப் பக்கத்தால் இறக்குவது என்பதெல்லாம் முதல் கிழமையிலேயே உங்களுக்குப் பழக்கிவிடுவார்கள். அதை நான் எழுதவில்லை. அறை பார்க்கிறவளுக்குக் கால் வலிக்கும் என்பதையும் நீங்களாகவே அறிந்துகொள்ளுவீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு நாளைப் பற்றியும் ஒரு மனிதரைப் பற்றியும்.

எகிப்து அறையின் கடைசிச் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால், ஒரு சுண்ணாம்புக் கல் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். புருஷனும் பெண்சாதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அவருடைய மேனி செங்கல் சிவப்பு. அவளுடைய மேனி மஞ்சள். அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கையில் முழங்கைக்குக் கீழே நிறம் முழுக்கக் கொட்டி, வெறும் கல் தெரிகிறது. அவருடைய முழங்காலிலும் அப்படி ஒரு திட்டு. கீழ் வரிசையில் சின்னச் சின்ன ஆட்கள் வயலில் வேலை செய்கிறார்கள். சனம் இல்லாத காலை நேரங்களில் நான் அவர்களோடு இருந்திருக்கிறேன். அந்தப் பெண் தோளைப் பிடித்திருக்கிற பிடி எனக்கு நன்றாகப் பிடிக்கும். அதிகாரமும் இல்லை, பயமும் இல்லை.

அந்த அறைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து விளக்கம் சொல்ல ஒரு தம்பி வேலைக்கு வந்தார். பெயரை எழுத மாட்டேன்; அவருக்கு விருப்பமிராது. எகிப்திலே பிறந்தவர். தகப்பன் வடக்கே கடற்கரைப் பட்டினம், தாய் தெற்கே ஆற்றின் மேல்பக்கம். என் மகனை விட இளையவர். ஆனால் அந்த நூதனசாலையில் நான் ஆரிடமாவது படித்தேன் என்றால் அவரிடந்தான். பிள்ளைகள் கேள்வி கேட்டால் குந்தியிருந்துதான் பதில் சொல்லுவார். பதில் சொல்ல முதல் கல்லை ஒருதரம் திரும்பிப் பார்ப்பார், தான் நேற்றுச் சொன்னது இன்றைக்கும் அதில் இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி.

ஒருநாள் நான் கூச்சத்தை விட்டு அவரிடம் கேட்டேன், கொட்டின இடத்துக்கு நிறம் பூசினால் என்ன என்று. ஊரில் கோவில் சுரூபத்தில் நிறம் போனால் திருவிழாவுக்கு முதல் பூசிவிடுவோம். அந்த நினைப்பில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“முன்பு என்ன நிறம் இருந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்திலேயே நாங்கள் பூசுவதில்லை, அம்மா. தெரியாத இடத்தில் எப்படிப் பூசுவது?” என்றார்.

எங்கள் பங்குக் கோவிலில் முதியவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பெயர் கோவில் சங்கமென்றாலும் நாங்கள் இருக்கிற பிளேஸ்டோவில் பக்கத்து வீட்டுச் சைவ ஆட்களும் வருவார்கள். அவர்களை ஒருநாள் நூதனசாலைக்குக் கூட்டிவர ஒழுங்கு செய்தார்கள். விளக்கம் சொல்லுவது அந்தத் தம்பி. அதைத் தமிழில் சொல்லுவதற்கு என்னைப் போட்டார்கள். எனக்கு முதல்நாள் நித்திரையே இல்லை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறப்பதென்றால் எனக்கு இன்றைக்கும் கை குளிரும்.

காலையில் தேநீர் அறையில் அவர் என்னிடம் சொன்னார், இன்றைக்கு மனேஜரும் நின்று பார்ப்பார் என்று. தம்பியை ஒரு குறுகிய காலத்துக்குத்தான் எடுத்திருந்தார்கள். நிரந்தரமாக வைப்பதா அனுப்புவதா என்பதை அன்றைய விளக்கத்தைப் பார்த்து முடிவு செய்யப் போகிறார்கள்.

“நான் உங்களுக்காக நல்ல மாதிரிச் சொல்லுகிறேன், தம்பி” என்றேன்.

“வேண்டாம் அம்மா. நான் சொன்னதை அழகாக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் தெரியாது என்றால் நீங்களும் தெரியாது என்றே சொல்லுங்கள். அவர்கள் சொல்லுவதையும் எனக்கு அப்படியே தாருங்கள்.”

சரி என்றேன். அது எவ்வளவு பாரமான சரி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சங்கத்து ஆட்கள் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வந்து இறங்கினார்கள். முன்னுக்கு மாஸ்ரர், யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், கேள்வி கேட்டால் விடை வரும்வரைக்கும் விடமாட்டார். அவருக்குப் பின்னால் சரசக்கா. அவவுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. கல்லைக் கண்டவுடனே என்னைக் கூப்பிட்டுத் தொடங்கிவிட்டா.

“எடி திரேசா, இவள் மஞ்சள் பூசி முழுகியிருக்கிறாளடி. பார், கழுத்திலையும் அப்பிக் கிடக்கு.”

மனேஜர் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தம்பிக்கு அதை அப்படியே சொன்னேன். உண்மையைச் சொன்னால், அந்த அறைக்கு வந்த புதிதில் நானும் மஞ்சளென்றுதான் நினைத்திருந்தேன்.

“இது நான் கேள்விப்படாத விளக்கம்” என்றார் தம்பி. முகத்தில் உண்மையான சந்தோஷம். “கீழ் வரிசையைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். வயலில் கதிர் பொறுக்குகிற பெண்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்கள். அவர்களுக்கு என்ன நிறம்?”

எல்லாரும் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்கள்.

“மஞ்சள்தான்” என்றா சரசக்கா. “வயல்காரியும் மஞ்சள், வீட்டுக்காரியும் மஞ்சள். அதெப்பிடி?”

ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள் என்பது அந்த நாள் கைவினைக்காரர் வைத்திருந்த ஒழுங்கு என்று தம்பி சொன்னார். வெளி வேலை ஆணுக்கு, வீடு பெண்ணுக்கு என்ற எண்ணத்தில் வந்திருக்கலாம். ஆளைப் பார்த்து அந்த ஆளின் நிறத்தைத் தீட்டியதல்ல. எல்லாக் காலத்திலும் அப்படித் தீட்டினார்கள் என்றும் இல்லை. பெண்ணைச் சிவப்பாகத் தீட்டிய காலமும் உண்டு. செத்தவர்களின் கடவுளுக்குப் பச்சை மேனி என்றார்.

“எங்கட கிருஷ்ணர் நீலந்தானே. நீல ஆளை ஆர் கண்டது?” என்றா சரசக்கா.

மாஸ்ரர் கையை உயர்த்தினார். வகுப்பில் படிப்பித்தவர் ஆனபடியால் கையை உயர்த்தாமல் கதைக்க மாட்டார்.

“பிள்ளை, உவரிட்டைக் கேள். சுத்தி வளைக்காமல் ஒரு சொல்லிலை சொல்லட்டும். இவையள் கறுப்பரோ, வெள்ளையரோ?”

அதை நான் இங்கிலீசில் சொன்ன நேரம், பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மனிதர் திரும்பினார். உயரமான கறுப்பின மனிதர், கையில் ஒரு சின்ன மகள். “அந்தப் பதிலை நானும் கேட்கலாமா?” என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் விளையாட்டும் இல்லை. மனேஜர் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

அந்த நேரம் சரசக்கா மாஸ்ரரைப் பார்த்துக் கேட்டா, “முதல் நீங்கள் சொல்லுங்கோ. உங்களை எந்தப் பெட்டிக்குள்ளை போடுறது?”

“நான் பொது நிறம்” என்றார் மாஸ்ரர்.

“ஓம், கலியாணம் பேசேக்கையும் உப்பிடித்தான் சொன்னவையாம். பாவம் உங்கட மனிசி ரீச்சர், பொம்பிளை பாக்க நீங்கள் வந்த பிறகுதான் அவவுக்கு விளங்கினது.”

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். தம்பி என்னைப் பார்த்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும் என்று அந்தப் பார்வையில் இருந்தது. எங்கள் ஊரில் சம்பந்தம் பேசும்போது வெள்ளையோ கறுப்போ எல்லாரையும் ‘பொது நிறம்’ என்றுதான் சொல்லுவார்கள், ஆளை அளந்து சொல்லுவதில்லை, சபைக்கு ஏற்ற ஆள் என்று சொல்லுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்.

“அதுதான்” என்றார் தம்பி. “இந்தச் சிவப்பும் அப்படித்தான். தீட்டியவர் ‘இவர் எங்கள் ஆள், மதிப்பான ஆண்’ என்று சொல்லுகிறார். தெற்கத்தி ஆளைக் கறுப்பாகவும் மேற்கத்தி ஆளை வெளிறலாகவும் வைத்து, தங்களை நடுவில் சிவப்பாக வைத்துக்கொண்டார்கள். கறுப்பர், வெள்ளையர் என்று நாங்கள் வைத்திருக்கிற இரண்டு பெட்டியும் அவர்களிடம் இருக்கவில்லை.” அந்தத் தகப்பனும் கொஞ்சம் சிரித்தார், தன்னுடைய அப்பாச்சியும் சம்பந்தம் பேசினால் இதே மாதிரித்தான் என்று.

ஆனால் மாஸ்ரர் விடவில்லை.

“சரி, உந்தப் பகிடியை விடுங்கோ. படம் பொய் சொல்லும். டி.என்.ஏ. பொய் சொல்லாதுதானே? அது என்ன சொல்லுது எண்டு கேள்.”

தம்பி கல்லை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். நான் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னேன். வெக்கை நாட்டு மண்ணில் அது சீக்கிரம் கெட்டுப்போகும். எடுக்கக் கிடைத்தது கொஞ்சப் பேரிடம். அதிலும் கனபேர் ஒரே பக்கத்தில் புதைத்த ஆட்கள். அவர்களிடம் கிழக்கே இருந்த அயலவர்களோடு ஒற்றுமை கூடுதலாகத் தெரிகிறது. இன்றைய எகிப்தியரிடம் பாலைவனத்துக்குத் தெற்கே இருந்து வந்த சேர்மானம் அவர்களை விடக் கூடுதலாக இருக்கிறது. ஆனால் தெற்குப் பக்கத்துப் பழைய ஆட்களை இன்னும் போதுமளவுக்குப் பார்க்கவில்லை. “அது என் அம்மாவின் பக்கம்” என்றார். “ஆகவே முழு நாட்டுக்கும் என்ன பதில் என்று கேட்டால், எனக்குத் தெரியாது.”

பருத்தித்துறையில் இரண்டு வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு முழு இலங்கையும் இப்படித்தான் என்று சொல்லுகிற மாதிரி என்று ஒரு உதாரணம் என் வாய்நுனிக்கு வந்தது. நல்ல உதாரணந்தான். கூட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே என்று விழுங்கிவிட்டேன். “தெரியாது எண்டு சொல்லுறார்” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியாதோ?” என்றார் மாஸ்ரர். “பிறந்ததும் அந்த நாடு, படிச்சதும் இதுதான், ஆனாத் தெரியாது. தெரியாத ஆளை ஏன் இஞ்சை வைச்சிருக்கினம்?”

அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். தம்பியின் வேலை அன்றைக்குத் தராசில் நிற்கிறது என்று அவருக்கு ஆர் சொன்னது? ஆனால் பின்னாலிருந்து மனேஜர் கேட்டார்: “அவர் என்ன சொன்னார்?”

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் நான் இவ்வளவையும் எழுதுகிறேன். ஒரு பொய் என் வாயில் தயாராக வந்து நின்றது. ‘நல்ல விளக்கம் என்கிறார்’ என்று சொன்னால் போதும். அந்த அறையில் அதைப் பிடிக்கக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை. சங்கத்து ஆட்களுக்கு என் இங்கிலீஷ் விளங்காது, மற்றவர்களுக்குத் தமிழ் விளங்காது. ஒரு நல்ல பிள்ளையின் வேலை தப்பும். நான் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன், முழங்கைக்குக் கீழே வெறும் கல்லை. நான் பொய் சொன்னால் அங்கே நிறம் பூசுகிறேன். அதுவும் அவருக்கு முன்னாலேயே.

“தெரியாத ஒருவரை நூதனசாலை ஏன் வைத்திருக்கிறது என்று கேட்கிறார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரமும் சொல்ல வேண்டி வந்தது.

தம்பி மாஸ்ரரை நேரே பார்த்துச் சொன்னார்: “நியாயமான கேள்வி. தெரிந்ததைச் சொல்லவும், தெரியாத இடத்தில் நிற்கவுந்தான் என்று நினைக்கிறேன். இனியும் வைத்திருப்பார்களா என்பதும் எனக்குத் தெரியாது.”

அந்தத் தகப்பன் பெரிதாகச் சிரித்தார். மனேஜர் சிரிக்கவில்லை. குனிந்து ஏதோ எழுதினார்.

சிரிப்பு அடங்கினதும் தகப்பன் சொன்னார், தன் மனைவி அல்ஜீரியா, தான் கானா. இந்த ஆட்கள் அப்பா பக்கமா அம்மா பக்கமா என்று மகள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறாள் என்று. தம்பி வழக்கம் போலக் குந்தினார். உன் அம்மாவின் பக்கத்து ஆட்களிடம் அந்த மண்ணிலேயே மிகப் பழைய ஒரு வேர் இருக்கிறது, கிழக்கிலிருந்து வந்த பங்கும் இருக்கிறது, பாலைவனத்தைக் கடந்து வந்ததும் கடலைக் கடந்து வந்ததும் இருக்கிறது, ஊருக்கு ஊர் அளவு வேறு என்று அவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, வாசலில் நூதனசாலை கொடுக்கிற நிறம் தீட்டும் தாளை நீட்டினாள். அதில் இதே புருஷனும் பெண்சாதியும் வெறும் கோட்டில் இருந்தார்கள்.

“அப்போ எந்தப் பென்சில்?” என்றாள்.

தாளோடு கொடுக்கிற கலர் பென்சில் பெட்டியைத் தம்பி திறந்து பார்த்தார். நீலம், பச்சை, மஞ்சள், வாழ்த்து மட்டை மாதிரி ஒரு பளீர் சிவப்பு. மேனிக்கென்று ஒரேயொரு பென்சில், வெளிறின இளஞ்சிவப்பு.

“பன்றிக்குட்டி நிறம்” என்றா சரசக்கா. இதை மட்டும் ஒருவரும் மொழிபெயர்க்கச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. அவவின் முகமே போதும்.

பெட்டியைக் கொடுப்பது அவர் அல்ல, அது மனேஜருடைய பிரிவு. வேறு ஏதாவது பேசிப் பிள்ளையை அடுத்த கண்ணாடிக்குக் கூட்டிப் போயிருக்கலாம்.

“இது எங்கள் பிழை” என்றார் அந்தப் பிள்ளையிடம். மனேஜருக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். “நான் இவ்வளவு நேரமும் நிறத்தைப் பற்றிக் கதைத்தேன். எங்கள் பெட்டியை நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.”

அதற்குள் சரசக்கா கைப்பையைக் கிண்டி ஒன்றை எடுத்துவிட்டா. “இந்தா, என்ரை புருவப் பென்சில். கிறீன் ஸ்ட்ரீட்டிலை வாங்கினது. நல்ல கபிலம், பிறவுண், அந்த மனுசன்ரை நிறந்தான். குடு பிள்ளையிட்டை.”

எங்கள் அறைச் சட்டம் உங்களுக்குத் தெரியும்: பென்சில் மட்டும், மை கூடாது. புருவப் பென்சில் பென்சிலோ, மையோ? எண்ணெய்ப் பிடிப்பானது, கண்ணாடியில் பட்டால் இழுபடும். மனேஜர் என்னைத்தான் பார்த்தார், அறை என்னுடையது. நான் யோசித்தேன், சட்டம் எதற்கு? கல்லைக் காக்க. அப்போ கல்லிலிருந்து தள்ளிப் போனால் சரி. பிள்ளையை வாசலோரத்து இருக்கை வாங்குக்குக் கூட்டிப்போனேன். தாளை ஒரு மட்டையில் வைத்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன். எழும்பும்போது விரல் துடைக்கக் கடதாசியும் எடுத்து வைத்தேன். இது சரியோ பிழையோ, எனக்கு அப்போது தோன்றியது அது.

அவள் நாக்கை வெளியே வைத்துக்கொண்டு தீட்டினாள். புருஷனுக்குக் கபிலம், அதன் மேலே கொஞ்சம் சிவப்பு. பெண்சாதிக்கு மஞ்சள். நடுவில் இரண்டு தரம் எழும்பி, எனக்கு ஒரு பக்கத்தால் எட்டிக் கல்லைப் பார்த்தாள்.

முடித்தவுடன் தகப்பன் குனிந்து பார்த்தார். “இந்தக் கையை விட்டுவிட்டாயே. இங்கே, முழங்காலையும்.”

“விடவில்லை” என்றாள். “அங்கே ஒன்றும் இல்லை, அப்பா.”

மனேஜர் கிட்ட வந்து அந்தத் தாளைக் கனநேரம் பார்த்தார். நூதனசாலைச் சுவரில் ஒட்ட அதைத் தரமுடியுமா என்று கேட்டார். முடியாது, அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி அவள் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரசக்காவின் பென்சிலும் அதோடு போனது.

அன்று பின்னேரம் அவர்களோடுதான் நானும் ரயிலில் வீடு வந்தேன். மாஸ்ரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். “உந்தப் பெடியன் ஒரு கேள்விக்கும் நேரே விடை சொல்லேல்லை” என்றார். இரண்டு மூன்று ஸ்டேஷன் போனது. “ஆனாப் பொய்யும் சொல்லேல்லை” என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

இந்த வேலையில் எனக்கு எத்தனையோ படித்தவர்களைத் தெரியும். எல்லாரும் நல்லவர்கள், நிறையத் தெரிந்தவர்கள். ஆனால் தன் வேலை போகுமோ என்ற நேரத்தில், முடிவு செய்கிற ஆளுக்கு முன்னால், தெரியாது என்று சொல்லிவிட்டு அப்படியே நிமிர்ந்து நின்ற ஆள் இவர்தான். உங்களிடமும் ஆராவது வந்து கேட்பார்கள், கறுப்பரா வெள்ளையரா என்று. சிலர் போனை நீட்டிக்கொண்டு கேட்பார்கள். பயப்படாமல் கல்லைக் காட்டுங்கள். அதில் இருப்பதைச் சொல்லுங்கள்.

நான் எழுதினதில் கட்டாயம் பிழை இருக்கும். எந்த அரசன் காலத்துக் கல் என்று நான் எழுதாதது மறதியால். டி.என்.ஏ. விஷயத்தில் அவர் சொன்னது ஒன்று, என் தலையில் நின்றது இன்னொன்றாக இருக்கலாம். அதன் பிறகு புதிதாக ஏதாவது கண்டுபிடித்தும் இருப்பார்கள். ஆகவே அச்சடிக்க முதல் ஆராவது ஒரு பிள்ளை இதைக் கொண்டுபோய்ச் சரிபார்க்க வேண்டும். இரண்டாம் மாடி, படி ஏறினவுடன் வலக்கைப் பக்கத்து அறை. மேசையில் கலர் பென்சில் போத்தல் ஒன்று இருக்கும், அதில் கபிலத்தில் மட்டும் ஏழெட்டு விதம். தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்கள். பிழை என்று அவர் சொல்லுகிற இடத்தைத் திருத்துங்கள். தெரியாது என்று சொல்லுகிற இடத்தில் நீங்களாக ஒன்றும் எழுத வேண்டாம். அதை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.